சிந்தியதைத் துடைக்கும் முறை

1

அப்பாவின் மூன்றாம் ஆண்டு நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போன வாரம் செகந்திராபாத் போயிருந்தேன். அங்கே எங்கள் கோயிலில் ஞாயிறு காலையில் ஒரு தமிழ்ப் பூசை உண்டு. அலுவலகத்தில் இருந்த பெண் தெலுங்குக்காரி, வேலைக்குப் புதிது. படிவத்தில் நான் ஆங்கிலத்தில் 'சூசை' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஸூஸியா மேடம்? உங்க அம்மாவா?" என்று இந்தியில் கேட்டாள். இல்லை, அப்பா, ஜோசப்பைத் தமிழில் சூசை என்போம் என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கணினியில் ஏற்றினாள். வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தால் 'லேட் மிஸஸ் ஸூஸி' என்று இருந்தது.

மறுநாள் போன் செய்தேன். "சிஸ்டத்தில் ஏத்தியாச்சு மேடம், படிக்கிறதுக்கு முன்னாடி ஃபாதர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். விவரங்களைத் திருத்துவதும் திருத்த வைப்பதும்தான் என் உத்தியோகம். அப்பா பெயர் என்று வந்தபோது அவ்வளவுதான் முடிந்தது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைக்கிறேன். எழுதினால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பதால் தள்ளிப்போட்டு வந்தேன்.

2

தூத்துக்குடியில் யாராவது "அமலா அங்க என்ன வேலை பாக்கா?" என்று கேட்டால், "ஹோட்டல்ல ஆபீசர்" என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் அவருக்கும் விளங்கவில்லை, கேட்டவர்களுக்கும் விளங்கியிருக்காது.

கல்யாணமாகி ஹைதராபாத் வந்த புதிதில், நுண்ணுயிரியல் படித்திருந்ததால், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, சுவரையும் மேஜையையும் பஞ்சால் ஒற்றி எடுத்து, அதில் என்ன முளைக்கிறது என்று பார்க்கும் வேலை. என் கணவர் ரூபனுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. மகள் ஷெரின் பிறந்த பிறகு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர முடியவில்லை. அந்த நாட்களில் மாதாப்பூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழ எழ, கூடவே பெரிய பெரிய ரெஸ்டாரண்டுகளும் திறந்துகொண்டிருந்தன. அப்படி நாலைந்து கிளைகள் வைத்திருந்த ஒரு கம்பெனி, சுகாதாரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு குழந்தை மேஜையில் வாந்தியெடுத்தது. ஓடிவந்த பணியாளர் தோளில் கிடந்த துணியால் மேஜையைத் துடைத்தார். அதே துணியைத் தரையில் போட்டுக் காலால் தேய்த்தார். வாளித் தண்ணீரில் அலசிப் பிழிந்து, அடுத்த மேஜையைத் துடைக்கப் போய்விட்டார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு மேஜையில் இருந்த கிருமி நாலு மேஜைக்குப் போய்விட்டது என்பது என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

அதற்காக ஒரு அட்டை எழுதினேன். 'சிந்தியதைத் துடைக்கும் முறை' என்று பெயர். ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் அச்சடித்து, எல்லாக் கிளைகளிலும் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டினோம். முதலில் சுற்றியுள்ள மேஜைகளைக் காலி செய்ய வேண்டும். மஞ்சள் பலகை வைக்க வேண்டும். கையுறை, முகமூடி, ஒருமுறை உடுத்தி எறியும் மேலங்கி. சிந்தியதைக் காகிதத்தால் மூடி, ப்ளீச் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். பிறகு வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி வழித்தெடுத்து, இரண்டு பைகளில் கட்ட வேண்டும். பக்கத்தில் திறந்திருந்த சாப்பாடு எதுவானாலும் குப்பைக்கு. துடைத்தவர் உடை மாற்றிக் கை கழுவும்வரை உணவைத் தொடக்கூடாது. கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, சாப்பாட்டுக் கூடத்துக்கு நீலம், சமையலறைக்குப் பச்சை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரவே கூடாது.

தரையில் மோரும் மஞ்சளும் கலந்து ஊற்றிப் பயிற்சி கொடுப்பேன். கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு நிற்பேன். எல்லாரிலும் யாதம்மாதான் சரியாகச் செய்வாள். மஹபூப்நகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், என் வயதுதான். எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையை நான் வாசித்துக்காட்டக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள்.

ஒன்பது வரிகள் இருந்தன அந்த அட்டையில். வாந்தியெடுத்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதிய எனக்கும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்ட அதிகாரிகளுக்கும் தோன்றவில்லை.

3

அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடு இருக்க வந்தார். அவருக்கு எழுபத்து நாலு வயது. துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேச மாட்டார். சாப்பிட்டு எழுந்தால் தட்டைச் சுற்றி ஒரு பருக்கை கிடக்காது. குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். எங்கள் வீட்டில் அவர் இருந்ததற்கு அடையாளம் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஒரு வேஷ்டிதான்.

ஷெரினோடு பேச ஆசைப்படுவார். அவர் தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பதில் சொல்லுவாள். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது, சிரித்துக்கொள்வார். ஒருநாள் அவள் "நக்கோ தாத்தா" என்றதும், என்னிடம் வந்து, "நக்கோன்னா என்னம்மா? எதுவும் கேக்குதாளா?" என்று விசாரித்தார். வேண்டாம் என்கிறாள் என்றேன். "அப்படியா, நான் கடைக்குப் போகணுமோன்னு சட்டையப் போட்டேன்" என்றார்.

செப்டம்பரில் ஷெரினுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ரெஸ்டாரண்டிலேயே மதியச் சாப்பாடு என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால், ஷெரினுக்காக மட்டும் அல்ல. நான் ஆபீசராக இருக்கும் ஹோட்டலை அப்பா பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

கிளம்பும்போது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "நீங்க போயிட்டு வாங்கம்மா. எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

"அங்க வந்து கொஞ்சமா சாப்பிடுங்கப்பா. தயிர்சாதம்கூட இருக்கு."

"இல்லம்மா, இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்."

"எல்லார்கிட்டயும் எங்கப்பா வர்றாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

ரெஸ்டாரண்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்தான். மேலாளர் வந்து கைகுலுக்கினார். யாதம்மாகூட எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் தட்டில் இதையும் அதையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் "போதும்மா" என்றார், ஒவ்வொரு முறையும் சாப்பிட்டார். அரை மணி நேரம் இருக்கும். அப்பா திடீரென்று எழுந்திருக்கப் பார்த்தார். எழ முடியவில்லை. மேஜை மேலும், சட்டை மேலும், தரையிலும் வாந்தியெடுத்துவிட்டார்.

என் ஆட்கள் அட்டையில் உள்ளபடி எல்லாம் செய்தார்கள். சுற்றியிருந்த மூன்று மேஜைக்காரர்களை எழுப்பித் தள்ளி உட்காரவைத்தார்கள். மஞ்சள் பலகை வந்தது. யாதம்மா கையுறை, முகமூடி, மேலங்கியோடு வந்து நின்றாள். எல்லாம் ஒன்றரை நிமிஷத்துக்குள். பயிற்சியில்கூட அவர்கள் இவ்வளவு வேகமாகச் செய்ததில்லை. ரூபன் தண்ணீர் கேட்டுக் கவுண்டருக்கு ஓடினார். பிறந்தநாள் கேக்கைப் பக்கத்து மேஜையிலிருந்து எடுத்துக் குப்பைப் பையில் போட்டதையும் பார்த்தேன். அதுவும் விதிப்படிதான்.

அப்பா மெல்ல எழுந்து, தன் கைக்குட்டையை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நானே தொடைச்சிருதேன்" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். தமிழ் தெரிந்தவர்கள் அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை.

நான் சொன்னேன்: "தொடாதீங்கப்பா. கைய எடுங்க. அவங்க பாத்துக்குவாங்க."

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பயிற்சியில் யாராவது தவறு செய்தால் எந்தக் குரலில் சொல்வேனோ அந்தக் குரலில் சொன்னேன். அவர் கையை எடுத்துவிட்டார். கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் காலி மேஜைகள். நடுவில் அவர், கறை படிந்த வெள்ளைச் சட்டையோடு. ப்ளீச் ஊற்றிய பிறகு பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பதால் யாதம்மாவும் அசையாமல் நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இதை எழுதவே கை வரவில்லை. ஆனால் பார்த்தேன்.

ஷெரின் எங்களோடு இல்லை. அவள் வகுப்புப் பெண் ஒருத்தி தன் வீட்டாரோடு வந்திருந்தாள். இவள் அவர்கள் மேஜைக்குப் போய்விட்டாள். அந்தப் பெண் இந்தியில் யார் அது என்று கேட்டதும், இவள் "மம்மி கே கெஸ்ட் ஹை", மம்மியின் விருந்தாளி, என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது என்றால் அப்பாவுக்கும் கேட்டிருக்கும். 'கெஸ்ட்' என்ற வார்த்தைக்கு அவருக்கு அர்த்தம் தெரியும்.

4

எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது மதுரைக்குப் பஸ்ஸில் போனோம். கோவில்பட்டியில் ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே நான் வாந்தியெடுத்துவிட்டேன். அப்பா முதலில் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். முழுவதும் வெளியே வரும்வரை பிடித்திருந்தார். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, தன் துண்டால் மேஜையைத் துடைக்கப் போனார். பரிமாறுகிறவர், "விடுங்க சார், பச்சப்பிள்ளைதான" என்று ஒரு பழந்துணியை எடுத்து வழித்துப் போட்டார். அந்தத் துணி எப்படிப்பட்டது என்று இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்த ஹோட்டல் என் பரிசோதனையில் ஒரு மதிப்பெண்கூட வாங்காது. ஆனால் அன்றைக்கு நான் வெட்கப்பட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஹைதராபாத்தில் அந்த மதியம் அப்பா காரில் ஒரு வார்த்தைதான் பேசினார். "உன் வேலைக்கு ஒண்ணும் பாதகம் வராதேம்மா?"

வராது என்றேன். அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். பசியில்லை, பிறகு சாப்பிடுகிறேன் என்பார். நாங்கள் எழுந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போவார். ஒருநாள் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். தரையில் செய்தித்தாளை இரட்டையாக விரித்து, அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் தாளை நாலாக மடித்து ஒரு பையில் கட்டினார்.

ரூபன் சொன்னார், "நீ ஒரு வார்த்தை பேசு அமலா. அவர் நம்மள நெனச்சுப் பயந்துக்கிட்டு இருக்கார்."

"அவரே சரியாயிடுவார்" என்றேன்.

அக்டோபர் கடைசியில் அப்பா ஊருக்குப் போனார். கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று காரணம் சொன்னார். போனவர் திரும்பி வரவில்லை. டிக்கெட் எடுக்கவா என்று கேட்டபோதெல்லாம் "மழை விடட்டும்", "வெயில் குறையட்டும்" என்றார். மே மாதம் ஒரு காலையில், சித்தப்பா மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். இதயம்.

5

அவர் ஊருக்குப் போன பிறகு அட்டையைத் திருத்த முயன்றேன். முதல் வரிக்கு முன்னால் இன்னொரு வரி: உடம்பு முடியாதவரை முதலில் கவனிக்க வேண்டும்; ஒருவர் அவர் கூடவே இருந்து, தனி இடத்தில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வரியை மாற்றவும் விண்ணப்பம் உண்டு. 'மாற்றத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் வெகுநேரம் எதுவும் எழுதாமல் இருந்தேன். கடைசியில் 'வாடிக்கையாளரின் அனுபவம்' என்று எழுதினேன். வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். பம்பாயில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இது சுகாதாரத்தில் சேராது, மேலும் குறிப்பிட்ட தேதியில் அந்தக் கிளையில் புகார் எதுவும் பதிவாகவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

உண்மைதான். அவர் புகார் செய்யவில்லை.

அப்பா இறந்து ஊருக்குப் போய்வந்த பிறகு, வேலையில் சேர்ந்த அன்று எல்லாரையும் கூப்பிட்டு வாய்மொழியாகவே சொல்லிவிட்டேன். அட்டையில் இல்லாவிட்டாலும் இனிமேல் முதலில் ஆளைப் பாருங்கள் என்று. எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். யாதம்மா மட்டும் போகாமல் நின்றாள். என் தெலுங்கு அரைகுறை. அவள் எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அன்னைக்கு உங்க நாயனா நின்னுக்கிட்டிருந்தாரே மேடம், அவர் கால் நடுங்குச்சு. கையைப் பிடிச்சு உட்கார வைக்கலாம்னு ரெண்டு தரம் பார்த்தேன்."

"பிடிச்சிருக்கலாமே யாதம்மா."

"கையுறை போட்ட கையால ஆளைத் தொடக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அதோட நீங்க அங்கேயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க. நீங்க இல்லாம இருந்திருந்தா தொட்டிருப்பேன்."

குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். "பர்வாலேது மேடம், பெரியவர் நல்லவர். ஏதும் மனசுல வச்சிருக்க மாட்டார்" என்றும் சொல்லிவிட்டு, நீலத் துணியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

6

இந்த ஞாயிறு பூசைக்கு ரூபனால் வர முடியவில்லை, ஆபீஸில் ஏதோ அவசரம். ஷெரினும் நானும் போனோம். அவளுக்கு இப்போது பதினாறு ஆகப் போகிறது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஃபாதர், சீட்டில் இருந்தபடி 'ஸூஸி அம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று வாசித்தார். முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் பீடத்துக்கு வந்த பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

திரும்பி ரயிலில் வரும்போது ஷெரின் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "தாத்தா பேர் தப்பா இருந்துச்சு. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல மம்மி. நீ எப்பவும் இப்படித்தான். சொல்ல வேண்டியதைச் சொல்றதே இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேகம்பேட் தாண்டிய பிறகு மறுபடி பேசினாள். "ரெஸ்டாரண்ட்ல நடந்ததுக்கு நீ தாத்தாகிட்ட ஸாரி கேட்டியா?"

அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. "இல்ல" என்றேன்.

"நான் கேட்டேன்."

எப்போது என்றேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு என்றாள். நான் ஊருக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருந்தேனாம்.

"நான் அவரை கெஸ்ட்னு சொல்லிட்டேன் மம்மி. அதுக்காக. இங்கிலீஷ்ல ஸாரின்னா சும்மா சொல்ற மாதிரி இருக்கும். தமிழ்ல எப்படின்னு உன்கிட்ட கேட்டா ஏன்னு கேப்பே. பூசையில ஜெபத்துல ஒரு வேர்ட் வரும்ல, அதை யோசிச்சு யோசிச்சு எடுத்துச் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

அதை மட்டும் அவள் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, கவனமாக.

"தாத்தா, நான் உங்களை மன்னிக்கிறேன்."

வண்டி ஏதோ ஒரு நிலையத்தில் நின்றது. நாலைந்து பேர் ஏறினார்கள். நான் கேட்டேன், "தாத்தா என்ன சொன்னாங்க?"

"'ரொம்ப சந்தோஷம்மா. தாத்தா இனிமே கவனமா இருந்துக்கிடுதேன்'னு சொன்னாங்க." அவர் பேசுவதுபோலவே இழுத்துச் சொல்லிக்காட்டினாள். "எதுல கவனமா இருப்பேன்னு சொன்னாங்கன்னு தெரியல. ஹெல்த்தா இருக்கும், இல்ல?"

"ஆமா."

"நான் சொன்னது கரெக்ட்தான மம்மி?"

அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்றரை வருஷமாக அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது.

"கரெக்ட்தான்" என்றேன்.

சரியாகச் சொல்ல வேண்டியது எப்படி என்று என்றாவது ஒருநாள் அவளுக்கே தெரியவரும். என் வாயால் சொல்ல மாட்டேன். இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஷெரின் இரண்டு முறை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள். தாத்தாவைப் பற்றியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுத்துகள் அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.